குவியலோடு வந்தது: ஓர் அலொட்மென்ட் தோட்டத்தின் நிகழ்வு ஆய்வு

ஜூன் நடுப்பகுதியில் எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பக்கத் துண்டுகளில் நின்ற தக்காளிக் கன்றுகளின் நுனி இலைகள் உட்குழியத் தொடங்கின. புதிதாக வந்த தளிர்கள் அகலம் இழந்து, முறுகி, பன்னத் தளிர் போல நீண்டன. ஒரு வாரத்துக்குள் உருளைக்கிழங்கிலும் போஞ்சியிலும் பட்டாணியிலும் அதே கோலம். ஆனால் அதே பாத்திகளில் நின்ற கோவாவுக்கு ஒரு குறையும் இல்லை. பாதிக்கப்பட்ட இரண்டு துண்டுகளுக்கு நடுவே இருந்த துண்டு பச்சைப் பசேலென்று நின்றது.

இது இங்கிலாந்தில், மாநகரத்தின் விளிம்பில் இருக்கும் ஓர் அலொட்மென்ட் தோட்டத்தில் நடந்தது. நான் செயற்குழுவில் இல்லை. பாடசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள் என்பதால், என்ன நடந்தது என்று பார்த்து எழுதித் தரும்படி செயற்குழு என்னைக் கேட்டது. அந்தக் குறிப்புகளிலிருந்துதான் இதை எழுதுகிறேன். இடத்தின் பெயரும் ஆட்களின் பெயர்களும் இதில் இல்லை. எருவில் களைநாசினி எச்சம் வருவதைப் பற்றி ஆங்கிலத்தில் வேண்டிய அளவு எழுதியிருக்கிறார்கள். பல குடும்பங்கள் ஒரே குழாயையும் ஒரே எருக் குவியலையும் நம்பியிருக்கும் இடத்தில் அப்படி ஒன்று வந்தால் மனிதர்களுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இங்கே தோட்டம் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருவதால் இது தமிழில் இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

இடமும் ஆட்களும்

அலொட்மென்ட் என்பது பெரும்பாலும் உள்ளூராட்சி சபையின் காணி. ஆண்டு வாடகைக்குத் துண்டு துண்டாகத் தருவார்கள். மக்கள் கேட்டால் இப்படிக் காணி ஒதுக்க வேண்டிய கடமையைச் சபைகளுக்கு விதித்தது 1908ஆம் ஆண்டுச் சட்டம். துண்டில் விளைவது முதன்மையாகக் குடும்பத்தின் சாப்பாட்டுக்குரிய மரக்கறியும் பழமுமாக இருக்க வேண்டும் என்பது 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரைவிலக்கணம். முழுத் துண்டு 10 ரொட், அதாவது ஏறக்குறைய 250 சதுர மீற்றர். ரொட் என்ற அளவு பாடசாலைக் கணக்கிலிருந்து எப்போதோ மறைந்துவிட்டது, எங்கள் வாடகைச் சீட்டில் இன்னும் இருக்கிறது. காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போவதால் இப்போது புதிதாக வருபவர்களுக்குப் பெரும்பாலும் அரைத் துண்டுதான் கிடைக்கும்.

எங்கள் தோட்டம் சரிவில் இருக்கிறது. படலை மேலே, ஓடை கீழே. ஐம்பது துண்டுகளுக்குக் கிட்ட இருக்கும். நாற்பது வருடமாக ஒரே துண்டைச் செய்யும் ஆங்கிலேய முதியவர்கள், கரீபியன் குடும்பங்கள், சைப்பிரஸ்காரர், வங்காளிகள், நாங்கள், அண்மையில் வந்து சேர்ந்த இளம் ஆங்கிலச் சோடிகள் என்று எல்லோரும் இருக்கிறோம். கொட்டில்களின் அளவு, நெருப்பு மூட்டக்கூடிய மாதங்கள், குழாயில் ரப்பர்க் குழல் பூட்டலாமா கூடாதா என்றெல்லாம் பக்கம் பக்கமாக விதிகள் உண்டு. துண்டைச் சாகுபடி செய்யாமல் விட்டால் எச்சரிக்கைக் கடிதம் வரும், அதற்குப் பிறகும் செய்யாவிட்டால் துண்டு போய்விடும்.

ஆனால் தோட்டம் ஓடுவது அந்த விதிகளால் அல்ல. மே மாதத்தில் நாற்றுகள் கை மாறுவதைப் பார்த்தால் தெரியும். யாரும் தமக்குத் தேவையான அளவு மட்டும் விதை போடுவதில்லை. மிச்சக் கன்றுகளைப் படலையடி மேசையில் வைப்பார்கள், அல்லது நேரே கொண்டுபோய் வேண்டியவர் கையில் கொடுப்பார்கள். சைப்பிரஸ் அன்ரி ஒருவர் இருக்கிறார். தன் கண்ணாடிக் கூட்டில் மார்ச்சிலேயே தக்காளி விதை போட்டு, பின்பனி போனதும் வரிசையாக நின்று கேட்பவர்களுக்குக் கொடுப்பார். எங்கள் ஆட்களில் பாதிப் பேருடைய தக்காளி அவருடைய கையிலிருந்து வந்ததுதான்.

மண் கனத்த களிமண். குளிர்காலத்தில் சப்பாத்தை இழுக்கும், ஓகஸ்டில் பாளம் பாளமாக வெடிக்கும். எருப் போடாமல் அந்த மண்ணில் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கூட்டாக ஒரு லொறிச் சுமை குதிரை எரு எடுப்போம். படலைக்கு அருகே கொட்டுவார்கள். ஒற்றைச் சில்லு வண்டியில் அள்ளிக்கொண்டு, தகரப் பேணியில் காசு போட வேண்டியதுதான். ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர் பல வருடங்களாக இந்த வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்து வந்தார். லாயத்துக்குத் தொலைபேசி எடுப்பது, லொறி வரும்போது படலை திறப்பது, மழைக்குப் படங்கு போடுவது எல்லாம் அவர்தான். அவரை எருக்காரர் என்றே இங்கே குறிப்பிடுகிறேன். எங்கள் ஆட்கள் அவரை அன்போடு அப்படித்தான் சொல்வார்கள்.

முதல் சந்தேகம் போன திசை

இலை சுருண்டால் யாழ்ப்பாணத்தில் மிளகாய் செய்தவர்களுக்கு முதலில் நினைவு வருவது வெள்ளை ஈ. அது காவும் வைரஸ். ஆங்கிலேய முதியவர்களுக்கு முதலில் நினைவு வருவது பிளைட் என்கிற கருகல் நோய். பிளைட்டில் கபிலத் திட்டு விழும், தண்டு கருகும், இலை அழுகும். இங்கே எதுவும் அழுகவில்லை. இலைகள் பச்சையாகவே இருந்தன, உருவம்தான் கெட்டிருந்தது.

மூன்றாவது சந்தேகம் ஒரு சோடியின் மேல் விழுந்தது. கீழ்ப்பக்கத்தில் அரைத் துண்டு எடுத்திருந்த இளம் கணவனும் மனைவியும், முதல் வருடக்காரர். ஏப்ரலில் தங்கள் துண்டோரப் பாதையின் புல்லுக்குக் கிளைபோசேட் என்ற களைநாசினி தெளித்திருந்தார்கள். அது விதிக்கு மாறானதல்ல. கடையில் யாரும் வாங்கக்கூடிய மருந்து, அனுமதிக்கப்பட்ட அளவு, காற்றில்லாத நாள். ஆனால் தெளிப்பான் கையில் இருந்ததைப் பலர் பார்த்திருந்தார்கள். அது போதுமாக இருந்தது. இரண்டு வாரத்துக்குள் 'அவர்கள் அடித்த மருந்து காற்றில் வந்தது' என்பது தோட்டம் முழுவதும் ஏற்றுக்கொண்ட செய்தி ஆகிவிட்டது. அவர்களுடைய கொட்டில் கதவில் யாரோ ஒரு தாள் ஒட்டினார்கள். அதில் இருந்ததை இங்கே எழுத விரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் மாலையில் வருவதை விட்டுவிட்டு, ஆளில்லாத விடியற்காலையில் வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

அவர்களுடைய சொந்தத் துண்டில் ஒரு செடிகூடப் பாதிக்கப்படவில்லை என்பதும் அவர்களுக்கு எதிரான சாட்சியாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. அவர்களிடம் கேட்டிருந்தால் ஒரு வசனத்தில் விளக்கம் கிடைத்திருக்கும்: குவியல் எல்லோருக்கும் பொது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, ஆகவே அவர்கள் எரு எடுக்கவே இல்லை. வந்து ஏழெட்டு மாதமாகியும் அவர்களோடு நின்று கதைத்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான்.

கயிறு பிடித்த கோடு

திசை மாறியது எங்கள் ஐயா ஒருவரால். ஊரில் மிளகாயும் வெங்காயமும் செய்தவர், எண்பது வயதுக்கு மேல். தன் தக்காளி பாதிக்கப்பட்டிருந்தும் பதறாமல் ஒரு முழு மாலை எல்லோருடைய துண்டுகளையும் சுற்றி வந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, வைரஸ் எண்டால் ஒரு கண்டில துவங்கி மெல்ல மெல்லத்தான் மற்றதுக்குப் போகும். இது எல்லாத்திலையும் ஒரே மூச்சில வந்திருக்கு. ஈயும் ஒண்டையும் காணேல்லை. காத்தில வந்ததெண்டால் கிட்ட நிக்கிறது கூடக் கருகும், தூர நிக்கிறது தப்பும். இஞ்ச வந்து பார்."

அவர் காட்டியது தன்னுடைய உருளைக்கிழங்குப் பாத்தி. எரு பாதியில் முடிந்துபோனதால் பாத்தியின் ஒரு பாதிக்குத்தான் போட்டிருந்தார். பாதிப்பு அந்த இடத்தில் கயிறு பிடித்து வெட்டியது போல நின்றது. இந்தப் பக்கம் முறுகிய செடி, ஒரு அடி தள்ளி நல்ல செடி. காற்றில் வரும் மருந்து அப்படிக் கோடு போடாது. என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வு முழுவதிலும் மிகப் பெறுமதியான சாட்சியம் அந்தக் கோடுதான்.

அடுத்த நாள் முதல் நான் துண்டு துண்டாகப் போய்க் கேட்கத் தொடங்கினேன். என்ன நட்டீர்கள், எந்தப் பாத்தியில், மண்ணில் என்ன கலந்தீர்கள், எங்கிருந்து வந்தது, நாற்று யாருடையது. அச்சடித்த படிவம் கொடுத்துப் பார்த்தேன், பலர் திருப்பித் தரவில்லை. கொட்டிலடியில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது அவர்களே எல்லாவற்றையும் சொன்னார்கள். குற்றவாளியைப் பிடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. செடியைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்தவர்கள் பழைய கொப்பிகளைக்கூட எடுத்துக் காட்டினார்கள். கரீபியன் முதியவர் ஒருவர் எந்த நாளில் எத்தனை வண்டி எரு எந்தப் பாத்திக்குப் போனது என்று வருடக் கணக்கில் எழுதி வைத்திருந்தார். அந்தக் கொப்பி இல்லாவிட்டால் அந்த ஆண்டின் சுமையையும் முந்திய ஆண்டின் சுமையையும் பிரித்துப் பார்த்திருக்கவே முடியாது. முந்திய ஆண்டின் எரு போட்ட பாத்திகள் நன்றாக இருந்தன.

தோட்டத்தின் வரைபடத்தில் நிறம் தீட்டியபோது மூன்று விஷயங்கள் தெரிந்தன.

பாதிக்கப்பட்ட துண்டுகளில் மிகப் பெரும்பாலானவை அந்த ஆண்டுக் குவியலிலிருந்து எரு எடுத்தவை. இது எதிர்பார்த்ததுதான்.

எரு எடுத்தும் பாதிக்கப்படாத துண்டுகள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால், எரு போட்ட பாத்தியில் நின்றது கோவா இனம் அல்லது சோளம். வங்காளிக் குடும்பம் ஒன்று தன் பங்கு முழுவதையும் சோளத்துக்குப் போட்டிருந்தது. அவர்களுடைய சோளம் அந்த வருடம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தது.

மூன்றாவதுதான் என்னைச் சில நாள் தூங்கவிடவில்லை. குவியலைத் தொடாத சில துண்டுகளிலும் தக்காளி முறுகியிருந்தது. தக்காளி மட்டும்தான். பக்கத்திலேயே போஞ்சி நன்றாக நின்றது. விடை சைப்பிரஸ் அன்ரியின் கண்ணாடிக் கூட்டில் இருந்தது. கன்றுகளைச் சின்னச் சாடியிலிருந்து பெரிய சாடிக்கு மாற்றும்போது வாங்கிய கொம்போஸ்ட்டோடு சலித்த குதிரை எருவையும் கலந்திருந்தார், கன்று திடமாக வரட்டும் என்று. அந்தச் சாடி மண்ணோடுதான் கன்றுகள் கை மாறியிருந்தன.

வரைபடத்தில் அன்ரியின் துண்டிலிருந்து அந்தத் துண்டுகளுக்குக் கோடு கீறினேன். அவருடைய சினேகிதர்கள் யார் யார் என்று அந்தத் தோட்டத்தில் எவரைக் கேட்டாலும் அதே கோடுகளைத்தான் கீறியிருப்பார்கள். பாதிப்பு போன வழி கொடுக்கல் வாங்கலின் வழி. அதிகம் பழகியவர்களிடம் அதிகம் போனது. ஒருவரோடும் பழக்கமில்லாத அந்த இளம் சோடியிடம் எதுவும் போகவில்லை. பழி மட்டும் அவர்களிடம் போயிருந்தது.

எருவுக்குள் என்ன இருந்தது

புல்வெளிகளில் அகன்ற இலைக் களைகளை அழிக்க அமினோபைராலிட் என்ற களைநாசினி பயன்படுகிறது. குளோபைராலிட் அதற்கு நெருங்கிய இனம். இவை தாவரங்களின் வளர்ச்சி ஹோர்மோனாகிய ஒட்சினைப் போல நடிக்கின்றன. அகன்ற இலைத் தாவரம் அதைத் தன் ஹோர்மோன் என்று எடுத்துக்கொண்டு கட்டுப்பாடில்லாமல் வளர்ந்து உருக்குலைகிறது. புல்லினமும், அகன்ற இலை இருந்தும் கோவா இனமும் அதைத் தாங்கிக்கொள்கின்றன. முட்செடியும் காஞ்சோன்றியும் சாக, புல் நிற்கும். சோளமும் புல்லினம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் வங்காளிக் குடும்பத்தின் விளைச்சலுக்குக் காரணம் புரியும்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. தெளித்த புல்லின் நாரில் இந்தப் பொருள் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. புல்லை வெட்டி உலர்த்தினாலும் போகாது. குதிரையோ மாடோ அதைத் தின்றால் பெரும்பாலும் மாறாமலே குடலைக் கடந்து சாணத்திலும் சிறுநீரிலும் வெளியே வருகிறது. எருக் குவியலிலும் அழிவது மிக மெதுவாகத்தான். மண்ணோடு கலந்து, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த நாரைச் சிதைக்கும்போதுதான் வெளிப்பட்டு, பிறகு படிப்படியாக அழிகிறது. அப்படி வெளிப்படும் காலத்தில்தான் எங்கள் உருளைக்கிழங்கு முளைக்கிறது. தக்காளி, உருளைக்கிழங்கு, அவரையினங்கள் ஆகியவை நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலேயே பாதிப்பைக் காட்டக்கூடியவை. முகர்ந்தோ கையால் தொட்டோ இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. எங்கள் குவியல் கறுத்து, உதிர்ந்து, மண்புழு நிறைந்து, பார்க்க அருமையான எருவாக இருந்தது.

பிரித்தானியாவில் இது பெரிய அளவில் வெளிவந்தது 2008இல். நாடு முழுவதும் அலொட்மென்ட்காரர்கள் இதே முறைப்பாட்டோடு வந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் அமினோபைராலிட் மருந்துகளின் விற்பனை நிறுத்தப்பட்டது. பின்னர் நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதி வந்தது: மாடும் ஆடும் மேயும் நிலத்துக்கு மட்டும், குதிரைத் தீவனத்துக்கான புல்லுக்குக் கூடாது, அந்தப் புல்லும் எருவும் பண்ணையை விட்டு வெளியே போகக்கூடாது. நிபந்தனை இருந்தும் அவ்வப்போது தோட்டங்களுக்கு வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. உலர்புல் பல கைகள் மாறும் சரக்கு. கடைசியில் வாங்குபவருக்கு அது எந்த வயலில் விளைந்தது என்பதுகூடத் தெரிந்திருக்காது.

விளைந்ததைச் சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்டார்கள். 2008இல் இங்குள்ள அதிகாரிகள், இந்த அளவுகளால் மனிதரின் உடல்நலத்துக்குக் கேடு வரும் என்று தாம் எதிர்பார்க்கவில்லை என்றே சொன்னார்கள். அதை அப்படியே சொன்னேன். சிலர் சாப்பிட்டார்கள், சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகள் சில பிடுங்கி எறிந்தன.

சாடிகள்

ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம், ஆனால் செலவு பெரிது. அவரை விதையே இதற்கு நல்ல கருவி. புரோட் பீன்ஸ் என்று இங்கே சொல்லும் அவரை இந்தப் பொருளுக்கு மிக எளிதில் வசப்படும்.

குவியலின் பல இடங்களிலிருந்து, மேலிருந்து மட்டுமல்லாமல் உள்ளே கைவிட்டும், எருவை எடுத்து ஒன்றாகக் கலந்தோம். அதில் பாதியும் புதிய பையிலிருந்து எடுத்த கொம்போஸ்ட் பாதியுமாகச் சில சாடிகள். வெறும் கொம்போஸ்ட் மட்டும் போட்ட சாடிகள் ஒப்பீட்டுக்கு. ஒவ்வொரு சாடிக்கும் தனித்தனித் தட்டு. ஒன்றின் தண்ணீர் மற்றதில் ஊறினால் பரிசோதனை கெட்டுவிடும். இவற்றோடு இன்னும் இரண்டு வகைச் சாடிகள் வைத்தேன்: அன்ரியின் சாடி மண்ணில் ஒன்று, அந்தச் சோடி மருந்து தெளித்த பாதையின் மண்ணில் ஒன்று. கிளைபோசேட் மண்ணில் பட்டதும் மண்துகளோடு இறுகி, வேர் வழியாகச் செடியைத் தாக்கும் வலுவை இழந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் தெரிந்திருப்பதால் ஆருக்கும் பயனில்லை. தோட்டத்துக்குக் கண்ணால் காட்ட வேண்டியிருந்தது.

சாடிகளை விதைக்கடைக் கொட்டிலின் யன்னலில், போகிற வருகிற எல்லோருக்கும் தெரியும்படி வைத்தோம். தண்ணீர் ஊற்றும் வேலையை எருக்காரர் தானே கேட்டு வாங்கினார். அதற்குள் கதை குவியலின் பக்கம் திரும்பியிருந்தது. எந்தச் சுமையைக் கொண்டுவந்ததற்காக வருடக் கணக்கில் அவருக்கு நன்றி சொன்னார்களோ, அதே சுமைக்காக அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அவர் ஒரு நாளும் தவறாமல் வந்து, நாட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளைப் படித்து, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினார்.

நாலாவது வாரம் ஆனபோது யாரும் விளக்கம் கேட்க வேண்டியிருக்கவில்லை. எருச் சாடிகளில் முளைத்த அவரையின் மூன்றாம் நாலாம் இலைகள் குழிந்து முறுகியிருந்தன. அன்ரியின் மண்ணிலும் அதேதான், சற்றுக் குறைவாக. வெறும் கொம்போஸ்ட்டிலும் பாதை மண்ணிலும் முளைத்தவை நேராக, விரிந்த இலையோடு நின்றன. மக்கள் யன்னலடியில் நின்று பார்த்தார்கள். பாதை மண் என்று எழுதிய சாடியை அதிக நேரம் பார்த்தார்கள்.

எரு வந்த வழி

எருக்காரரும் செயலாளரும் லாயத்துக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். லாயக்காரர் மறைக்க எதுவும் இல்லாத மனிதர். தன் நிலத்தில் எந்த மருந்தும் அடிப்பதில்லை என்றார், அது உண்மை என்றே நம்புகிறேன். ஒவ்வொரு ஆண்டும் எங்கள் ஆட்கள் அவரிடம் கேட்டதும் அந்த ஒரு கேள்விதான்: மருந்து அடித்தீர்களா? இல்லை என்ற சரியான பதிலும் ஒவ்வொரு ஆண்டும் கிடைத்தது.

கேட்க வேண்டிய கேள்வி உலர்புல் எங்கிருந்து வந்தது என்பது. அந்த ஆண்டு மழை குறைந்து உள்ளூர்ப் புல் போதாமல், வழக்கமில்லாத ஒரு வியாபாரியிடம் வாங்கியிருந்தார். வியாபாரி பல பண்ணைகளில் வாங்கிச் சேர்ப்பவர். எந்தக் கட்டு எந்த வயலுடையது என்பதற்குக் கணக்கு இல்லை. அதற்கு மேல் எங்களால் போக முடியவில்லை. வைக்கோலையும் கேட்டோம். குளோபைராலிட் தானியப் பயிர்களுக்கும் அடிக்கப்படுவதால் படுக்கை வைக்கோலாலும் வரலாம். அதற்கும் பதில் தெளிவில்லை.

மிச்சக் குவியலைத் திருப்பி எடுத்துத் தன் புல்வெளியில் பரப்ப அவர் சம்மதித்தார். புல்லுக்கு அதனால் பழுதில்லை. அந்த ஆண்டு வேறு தோட்டக்காரர் எவருக்கும் எரு கொடுப்பதில்லை என்று தானாகவே சொன்னார்.

கூட்டம்

செப்டெம்பரில் விசேட கூட்டம் நடந்தது. ஆண்டுப் பொதுக் கூட்டத்துக்கு வருபவர்களைவிட அதிகம் பேர் வந்தார்கள். தலைவர் முதலில் அந்த இளம் சோடியிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். தாளை ஒட்டியவர் யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை. அந்த மன்னிப்பு ஜூலையிலேயே கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஐயா காட்டிய கோட்டைக் கண்ட அன்றே, காற்றில் வந்த மருந்து அல்ல என்று அறிவித்திருக்கலாம். சாடிகள் முடியட்டும் என்று செயற்குழு காத்திருந்தது. பரிசோதனைக்கு அது சரியான பொறுமை, அந்த இரண்டு பேருக்கு ஒரு கோடைகாலம் முழுவதும் தண்டனை.

எருக்காரர் எழுந்து, இனி இந்த வேலையை வேறு யாரும் பார்க்கட்டும் என்றார். யாரும் கை உயர்த்தவில்லை. அப்போது ஐயா எழுந்தார். அவருடைய ஆங்கிலம் குறைவு, ஆகவே தமிழில் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். "இத்தனை வருசம் எங்கட மண்ணுக்குச் சாப்பாடு தந்தவர் இவர். ஒரு முறை நஞ்சு வந்ததுக்கு இவர் என்ன செய்வார்? நான் கூட நிக்கிறன், இரண்டு பேருமாச் செய்வம்." எருக்காரர் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஆண்டு லாயங்களுக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள்.

முடிவுகள் பல எடுத்தோம். பாதிக்கப்பட்ட துண்டுகளுக்கு அந்த ஆண்டு சாகுபடி எச்சரிக்கைக் கடிதம் இல்லை. இனி வரும் எந்தச் சுமையும் ஓரமாகக் கொட்டப்பட்டு, படங்கு போட்டு மூடப்பட்டு, அவரைச் சாடிகள் தேறிய பிறகே திறக்கப்படும். கொடுப்பவரிடம் புல், வைக்கோல் இரண்டின் மூலத்தையும் கேட்டு எழுதி வைக்க வேண்டும். பாதிக்கப்பட்ட செடிகளையும் அந்த எருவையும் யாரும் கொம்போஸ்ட் தொட்டியில் போடக் கூடாது. புதிதாக வருபவரை, அவருக்கு முன்னிருந்தே இருப்பவர் ஒருவர் முதல் வருடம் முழுவதும் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். குவியல், குழாய், மேசை எல்லாவற்றையும் காட்ட வேண்டும்.

அதிகம் வாக்குவாதப்பட்டது நாற்று மேசையைப் பற்றி. கன்று எந்த மண்ணில் வளர்ந்தது என்று சீட்டு வைக்க வேண்டும் என்று ஒருவர் முன்மொழிந்தார். கரீபியன் அம்மா ஒருவர் கடுமையாக எதிர்த்தார். கொடுப்பவரிடம் கணக்குக் கேட்டால் கொடுப்பதே நின்றுவிடும் என்றார். சைப்பிரஸ் அன்ரி அந்தக் கூட்டம் முழுவதும் வாய் திறக்கவில்லை. தன் கையால் சினேகிதிகளின் தோட்டத்தைக் கெடுத்துவிட்டேன் என்ற எண்ணத்திலிருந்து அவரை வெளியே கொண்டுவர யாராலும் முடியவில்லை. வாக்கெடுப்பில் சீட்டு வைப்பது வென்றது, சிறிய வித்தியாசத்தில். நான் ஆதரவாகவே கை உயர்த்தினேன். அடுத்த மே மாதம் மேசையில் கன்றுகள் குறைவாகவே இருந்தன, கரீபியன் அம்மா சொன்னதில் உண்மை இருந்தது. அன்ரி அந்த ஆண்டு தனக்கு மட்டும் விதை போட்டார். அதற்கு அடுத்த ஆண்டுதான் மறுபடி கொடுக்கத் தொடங்கினார், எங்கள் பெண்கள் நாலைந்து பேர் போய் நின்று கேட்ட பிறகு.

மண் தேறியது

பாதிக்கப்பட்ட பாத்திகளை மறுபடி மறுபடி கொத்திக் கிளறினால் நுண்ணுயிர்களின் வேலை விரைவாகும். பெரும்பாலானோர் இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் அப்படிச் செய்தார்கள். ஏப்ரலில் ஒவ்வொரு பாத்தி மண்ணிலும் அவரை போட்டுப் பார்த்தோம், அனேகமாக எல்லாம் தேறின. தேறாத ஒரு துண்டு, கொத்தாத முறையில் தோட்டம் செய்பவருடையது. எருவை மண்ணுக்குள் கலக்காமல் மேலே தடிப்பாகப் பரப்புவது அந்த முறையின் வழக்கம். மேலே கிடந்த எரு மண்ணோடு சேராமல் அப்படியே நஞ்சோடு இருந்தது. பல வருடமாக மண்வெட்டி படாத பாத்தியைக் கொத்துவதா என்று அவர் பெரிதும் தயங்கினார். கடைசியில் மேல் எருவை வழித்து எடுத்துவிட்டு, அந்த ஆண்டு அதில் சோளம் மட்டும் போட்டார். அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

புதிய ஒழுங்கின் கீழ் வேறொரு லாயத்திலிருந்து வந்த முதல் சுமை சாடியில் தேறவில்லை. இலைக் குழிவு சிறிதாகத்தான் இருந்தது. சிலர் பரவாயில்லை, திறப்போம் என்றார்கள். எருக்காரரும் ஐயாவும் மறுத்துவிட்டார்கள், சுமை திரும்பிப் போனது. மாடு வளர்க்கும் பண்ணை ஒன்றிலிருந்து, தன் புல்லையே தான் வெட்டிப் போடுபவரிடமிருந்து வந்த இரண்டாவது சுமை தேறியது. இப்போது அங்கேதான் வாங்குகிறோம். சாடிகளுக்கு நாலு வாரம் போவதால் எரு கைக்கு வர டிசெம்பர் ஆகிறது. அதற்குள் பாதை சேறாகி வண்டி புதைகிறது. அதைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் முறைப்பாடு வருகிறது. செப்டெம்பர் தொடக்கத்திலேயே சுமையை இறக்கலாமா என்று இந்த ஆண்டு பண்ணைக்காரரிடம் கேட்டிருக்கிறோம்.